ஞாயிறு குறுக்கெழுத்து: குறிப்புக்கு முன் கட்டத்தைப் படியுங்கள்

ஞாயிறு இணைப்பிதழ் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். இடமிருந்து வலம் முதல் குறிப்பைப் படிப்பது, தெரியாவிட்டால் அடுத்ததுக்குப் போவது, நாலைந்து குறிப்புகள் கைவிட்டதும் பேப்பரை மடித்து வைப்பது. தமிழ்க் குறுக்கெழுத்தை இப்படி அணுகினால் அதன் சுகத்தில் பாதி போய்விடும். குறிப்பைத் தொடுவதற்கு முன்பே வெறும் கட்டங்கள் நிறைய விஷயம் சொல்கின்றன. நம் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் அந்த வசதி உண்டு. ஆங்கிலப் புதிர் போடுபவருக்கு இவ்வளவு கிடைக்காது.

ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்த எழுத்துகள் தனி. ஆகவே குறுக்கே போகும் விடையிலிருந்து ஓர் எழுத்து கிடைத்தால், ஆங்கிலத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு துப்பு நம் கையில் இருக்கிறது. 'தா' என்று ஓர் எழுத்து தெரிந்தாலே மெய்யும் உயிரும் சேர்ந்து தெரிந்துவிடுகின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. 247 எழுத்துகளை வைத்துக்கொண்டு இரண்டு சொற்களை ஒரே கட்டத்தில் சந்திக்க வைப்பது புதிர் அமைப்பவருக்குப் பெரும்பாடு. அவர் எங்கெல்லாம் சிரமப்பட்டிருப்பார் என்று யோசிப்பதுதான் நம் முதல் வேலை.

எண்ணும் முறையில் தகராறு வேண்டாம். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம். குற்றாலம் ஐந்து எழுத்து, எஃகு மூன்று. 'கோ', 'கௌ' போன்றவை எழுதும்போது பல துண்டாகத் தெரிந்தாலும் ஒரே கட்டத்துக்குள்தான் அடங்க வேண்டும். சின்னக் கட்டத்தில் 'பௌ' எழுதும்போது கால் பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்து பிறகு 'ள' என்று படிக்கப்படும் விபத்து அடிக்கடி நடக்கும், கொஞ்சம் ஒடுக்கி எழுதுங்கள்.

எழுதுகோல் விஷயம் சின்னதுதான், ஆனால் பொழுதைக் கெடுக்கக் கூடியது. செய்தித்தாளில் ஜெல் பேனா மை ஊறிப் பரவும், பால்பாயின்ட் அழுத்தினால் காகிதம் கிழியும். ஹெச்.பி. பென்சில் சாம்பல் நிறத் தாளில் மங்கலாகத் தெரியும், தெரிய வேண்டும் என்று அழுத்தினால் பள்ளம் விழும். 2பி பென்சில் போதும். கட்டம் மேலே வரும்படி தாளை நான்காக மடித்து, அடியில் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கும்போது ஒரே திசையில் மெதுவாக இழுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் நார் எழும்பி அந்தக் கட்டத்தில் பிறகு எதுவும் பதியாது. குறுக்கெழுத்துகளுக்கென்று 1924இல் நியூயார்க்கில் முதல் புத்தகம் வந்தபோது அதனுடன் ஒரு பென்சிலையும் சேர்த்தே விற்றார்கள். பதிப்பித்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

இனி கட்டத்துக்கு வருவோம்.

அ, ஆ, இ என்று தனி உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும், அளபெடையை விட்டுவிடலாம். ஆகவே ஒரு சொல்லின் முதல் கட்டம் இன்னொரு சொல்லின் நடுவில் விழுந்தால், அந்தச் சொல் உயிரில் தொடங்க வாய்ப்பே இல்லை. அம்மா, இரவு, ஊஞ்சல் எல்லாம் அங்கே அடிபட்டுப் போகின்றன. உயிர் வரக்கூடிய இடங்கள் இரண்டுதான்: இரு சொற்களும் ஒன்றாகத் தொடங்கும் கட்டம், அல்லது ஒரே ஒரு சொல் மட்டும் போகும் கட்டம். இடது மேல் மூலையைப் பாருங்கள். புதிர் அமைப்பவர் உயிரெழுத்துச் சொற்களைக் குடிவைக்க விரும்பும் இடம் அது.

புள்ளி எழுத்து இதற்கு நேர் எதிர். சொல்லின் முதலில் அது வராது. ஒரு சொல் முடியும் கட்டத்தில் இன்னொன்று தொடங்கினால், முடிகிற சொல் மெய்யில் முடியவே முடியாது. மரம், பணம், கோலம் என்று 'ம்' ஈற்றுச் சொற்கள் தமிழில் எவ்வளவு உண்டு என்று நினைத்துப் பாருங்கள், அத்தனையும் ஒரே பார்வையில் விலகிவிடுகின்றன. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் 'புள்ளி இல்லை' என்று ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். மறுபுறம், குறிப்பைப் பார்த்து விடை 'ம்' ஈறு என்று தோன்றினால், எழுத்து தெரியாவிட்டாலும் கட்டத்தின் தலையில் வெறும் புள்ளியை வைத்துவிடலாம். குறுக்கே போகும் சொல்லுக்கு அந்தப் புள்ளியே பெரிய உதவி.

நன்னூலில் மொழிமுதல் எழுத்துகளுக்கு நூற்பா உண்டு: உயிர் பன்னிரண்டு, பிறகு க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து வரிசைகள். இவற்றிலும் ங நடைமுறையில் வராது, ஞ அபூர்வம், ய கொஞ்சம். ஆகவே இரண்டு சொற்கள் சேர்ந்து தொடங்கும் கட்டத்தில் ட, ண, ழ, ள, ற, ன வரிசை எதையும் தேட வேண்டாம். ர, ல வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு இல்லை, ராகம், லட்டு, ரயில் போன்றவை வந்தால் உண்டு. டீ, டாக்டர் போன்ற வரவுகளுக்கு மட்டும் ட-வில் விலக்குக் கொடுங்கள். ஈற்றில் க், ச், ட், த், ப், ற் வராது. அப்படி முடியும் விடை என்றால் அது அநேகமாக ஆங்கிலச் சொல் அல்லது ஆட்பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்யை அடுத்து எந்த எழுத்து வரலாம் என்ற விதி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த பகுதிதான், குறுக்கெழுத்தில் அதற்கு உயிர் வருகிறது. க், ச், த், ப் நான்கும் தம் வரிசையோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, கப்பல். கட்டத்தில் 'த்' கிடைத்தால் அடுத்தது த வரிசை, யோசிக்கவே வேண்டாம். சக்தி, பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் இதை மீறும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். ட், ற் இரண்டும் தம் வரிசையோடும் க, ச, ப வரிசைகளோடும் சேரும்: கட்டு, வெட்கம், காட்சி, நட்பு, காற்று, கற்க, முயற்சி, கற்பு. ங் வந்தால் க. ஞ் வந்தால் பெரும்பாலும் ச. ந் வந்தால் த அல்லது ந. ம் வந்தால் ப அல்லது ம என்று முதலில் முயலுங்கள். ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் இரட்டிக்காது. அடுத்தடுத்து இரண்டு கட்டங்களில் புள்ளி என்று தெரிந்தால், முன்னது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: காய்ச்சல், தீர்ப்பு, வாழ்த்து. இவ்வளவு கறாரான வழிகாட்டி வேறு எந்தப் புதிர்க்காரருக்கும் கிடைத்திருக்காது.

நம் வார இணைப்புகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று கூடுதல் திசைகள் வருவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆங்கிலப் புதிர்போல் இரண்டே திசை இருந்தால் அழகு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புள்ளி எழுத்து முதலில் வராது என்ற விதியால், 'ம்'-இல் முடியும் சொல்லின் கடைசிக் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. ஆனால் கீழிருந்து மேலே ஏறிவரும் சொல் அதே 'ம்'-இல் வந்து முடியலாம். நான்கு திசை என்பது தமிழெழுத்து கேட்டு வாங்கிய வழி. தீர்ப்பவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தொடங்குமுன் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் திசை அம்பு போட்டுவிடுங்கள். சரியான விடையைத் தவறான திசையில் எழுதி அரைமணி நேரம் இழப்பதுதான் இந்தப் புதிர்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு. மேலே சொன்ன முதல், ஈறு விதிகளையும் அம்பின் திசையை வைத்தே பாருங்கள்.

குறிப்புகளில் இரண்டு சாதி. 'தருமனின் தம்பி', 'ஆடையின் வேறு பெயர்' என்று நேராகக் கேட்பவை ஒன்று. அவற்றோடு 'கலைந்துள்ளது', 'கடைசி எழுத்து இல்லை', 'திரும்பியுள்ளார்' என்று ஓர் ஒட்டு இருக்கலாம். சொல்லை உடைத்து ஒளித்து வைப்பவை இன்னொன்று. ஆங்கிலத்தில் கிரிப்டிக் என்பது இதைத்தான். 'தி இந்து' நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் நெடுங்காலம் வந்த எவ்ரிமேன் புதிர் லண்டன் 'அப்சர்வர்' இதழுடையது, பல தமிழர்கள் இந்த வகையைப் பழகியது அதில்தான். ஆனால் இந்த விளையாட்டு நமக்குப் புதிதில்லை. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசவு வரும். தமிழ் எண்ணில் எட்டு என்பது 'அ' வடிவம், கால் என்பது 'வ' வடிவம், இரண்டையும் போட்டால் 'அவலட்சணமே'. 1913 டிசம்பர் 21 ஞாயிறன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் ஆர்தர் வின் தம் வைர வடிவக் கட்டங்களை வெளியிடுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே காளமேகம் பாம்புக்கும் எலுமிச்சைக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை பாடிவிட்டுப் போய்விட்டார். கட்டம் வெளியிலிருந்து வந்தது. குறிப்பு நம்முடையது.

ஒளித்த குறிப்பில் இரண்டு பாகம் இருக்கும். ஒரு பாகம் விடையின் பொருளைச் சொல்லும், மற்றது எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும். பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. படிக்கும்போது வாக்கியம் காட்டும் காட்சியை நம்பாதீர்கள். 'அரசு வடிகாலுக்குள் கிடைத்த பழைய ஓலைக்கட்டு (3)' என்று ஒரு குறிப்பு, அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. வடிகால் தோண்டும் காட்சி கண்ணில் வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள்: 'அரசு வடிகால்' என்பதன் உள்ளேயே சுவடி இருக்கிறது.

சேர்ப்பு வகைக்குத் தேவையான செங்கற்கள் ஓரெழுத்துச் சொற்கள். நன்னூல் கணக்கில் அவை 42. ஆ என்றால் பசு, கா சோலை, கோ அரசன், தா கொடு, நா நாக்கு, பா பாட்டு, மீ மேலே, வை இருத்து. மா ஒன்றே மரம், விலங்கு, குதிரை, பெரிய, திருமகள், இருபதில் ஒரு பங்கு என்று ஆறேழு வேஷம் போடும். குறிப்பில் 'பசு', 'அரசன்', 'பாட்டு' என்று ஏதாவது கண்ணில் பட்டால் உடனே இந்த ஓரெழுத்தைப் பொருத்திப் பாருங்கள். இந்தப் பட்டியலை ஒரு முறை எழுதி இணைப்பிதழ் வைக்கும் இடத்தில் ஒட்டிவைத்தால் சில வாரங்களில் தேவைப்படாமல் போய்விடும். 'துரைக்கு முன் மகுடத்தின் தலை, மீனாட்சி ஆளும் ஊர் (3)' என்பதில் தலை என்றால் முதல் எழுத்து: ம, துரை. வால், கால், அடி என்றால் கடைசி எழுத்து. இடை, வயிறு, இதயம் என்றால் நடு.

எழுத்துகள் கலைவதைக் காட்ட கலைந்து, குழம்பி, உடைந்து, சிதறி, கிளறி என்று எத்தனையோ சொற்கள். திரும்புவதற்கு எதிர்த்து, பின்னோக்கி, தலைகீழாக. 'திரும்பிய சிவாவைப் படி (2)' என்றால் வாசி. 'எப்படித் திருப்பினாலும் காவிரி பிறக்கும் இடம் (3)' என்றால் குடகு, இரு பக்கமும் ஒன்றேபோல் படிக்கலாம். இந்த மாதிரிக் குறிப்பில் பூச்சே இல்லை, ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. இப்படி ஒன்று வாரத்துக்கு வந்தாலே அந்த ஞாயிறு வீண்போகவில்லை.

தமிழுக்கே உரிய ஒரு வகை உண்டு, அதைப் பிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்த சொல் வேறொரு சொல்லாகிவிடுவது. 'கப்பல் எதைத் தாண்டும்? கொறிப்பதை! (3)' என்றால் விடை கடலை. கடல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்தது ஒரு பொருள், வறுத்துக் கொறிப்பது இன்னொரு பொருள். 'வண்டியைப் பருகு, செட்டிநாடு வரும் (5)' என்றால் காரைக்குடி. குறிப்பில் 'எதை', 'யாரை' என்று கேள்வி இருந்தாலும், ஐ உருபேற்ற சொல் சந்தேகப்படும்படி நின்றாலும், விடையின் கடைசிக் கட்டத்தில் லை, ரை, ளை, னை வருமா என்று பாருங்கள்.

இப்போது ஒரு மூலையை முழுதாகத் தீர்த்துப் பார்ப்போம். ஆறு கட்டச் சொல் ஒன்று இடமிருந்து வலமாகப் போகிறது. குறிப்பு: 'கோபம், குணம் கலைந்தால் மகாமகம் காணும் ஊர் (6)'. தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு மகாமகம் என்றதும் விடை வந்துவிடும். அந்தத் துப்பு தெரியாதவர்போல் கட்டத்தை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கலாம். கையில் உள்ள எழுத்துகள் கோ, ப, ம், கு, ண, ம். ஒரே எழுத்து இரண்டு முறை வருவதால் இவற்றை 360 விதமாக அடுக்கலாம்.

அந்தச் சொல்லின் இரண்டாம் கட்டம் வழியாக மேலிருந்து கீழே ஒரு நான்கெழுத்துச் சொல் போகிறது, அதன் மூன்றாம் எழுத்து நம் கட்டத்தில் விழுகிறது. குறிப்பு: 'கம்புக்குள் முதல் ருசி, பொங்கலன்று வாசலில் நிற்கும் (4)'. கம்பு என்ற சொல்லுக்குள் ருசியின் முதல் எழுத்தை நுழைத்தால் கரும்பு. மூன்றாம் எழுத்து ம். ஆக நம் இரண்டாம் கட்டம் ம்.

கடைசிக் கட்டத்தில் மேலிருந்து வரும் ஐந்தெழுத்துச் சொல் முடிகிறது. 'சண்டை தீர வழி: சமம் நடுவே வாலறுந்த ரசம் (5)'. ரசத்தின் வால் போனால் ரச, அது சமத்தின் நடுவே அமர்ந்தால் சமரசம். நம் ஆறாம் கட்டமும் ம். இரண்டு ம்-களும் இடம் பிடித்துவிட்டன, 360 இப்போது 24 ஆகிவிட்டது.

இரண்டாம் கட்டத்து ம்-ஐ அடுத்து வருவது கோவா, ப-வா, கு-வா, ண-வா? மேலே சொன்னபடி ம் முதலில் தேடுவது ப. மூன்றாம் கட்டம் ப என்று வைத்தால் மிச்சம் 6. நான்காம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஓர் ஈரெழுத்துச் சொல் தொடங்குகிறது. அதன் குறிப்பை இன்னும் படிக்கவேயில்லை. ஆனால் ண-வில் தமிழ்ச்சொல் தொடங்காது. நம் ஆறெழுத்தின் முதல் கட்டத்திலும் அதே காரணத்தால் ண உட்கார முடியாது. ஆகவே ண ஐந்தாம் கட்டத்தில்தான். எஞ்சியவை இரண்டே: கும்பகோணம், கோம்பகுணம். முடிந்தது. நான்காம் கட்டத்துக் கோ இறங்கி, 'அரசன், வை: பஞ்சாலை நகரம் (2)' என்ற குறிப்புக்குக் கோவை என்று பதில் சொல்கிறது.

இதில் கிடைக்கும் மகிழ்ச்சி பொது அறிவால் கிடைப்பதில்லை. 360 இரண்டாகச் சுருங்கியதில் ஊரின் பெயர் எங்கேயும் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் கேள்விப்பட்டிராத ஓர் ஊர் வந்தாலும் இதே வழி நடக்கும்.

ஆங்கிலத்தில் எழுத்து கலைப்பு பெரும்பாலும் குழப்பமான ஒன்று, ஏழெட்டு எழுத்துகளும் தனித்தனியாகச் சிதறும். தமிழில் உயிர்மெய் பிரியாது. குணத்தில் உள்ள 'கு', 'கு'வாகவே இருக்க வேண்டும், 'க' என்றோ 'கூ' என்றோ மாற்றிக்கொள்ள முடியாது. சில அமைப்பாளர்கள் கால், கொம்பு எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக மாட்டுவார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை, தீர்ப்பவருக்கு எந்த விதியும் பிடி கொடுக்காமல் போய்விடும். அதேபோல் 'கோபமும் குணமும் கலைந்தால்' என்று எழுதினால் ம் போய் மு வந்துவிடுகிறது, கலைக்க வேண்டிய எழுத்துகளே மாறிவிடுகின்றன. காற்புள்ளி போட்டு 'கோபம், குணம்' என்று நிறுத்துவதுதான் நியாயம். மேலே 'முதல் ருசி' என்று எழுதியதையும் கறாரானவர்கள் ஏற்க மாட்டார்கள், 'ருசியின் முதல்' என்று இருக்க வேண்டும் என்பார்கள். வாக்கியம் இயல்பாக ஓடும்போது இந்த அளவு தளர்வை நான் ஏற்பேன். 'அப்சர்வர்' இதழில் ஸிமெனீஸ் என்ற புனைபெயரில் 1971இல் இறக்கும்வரை புதிர் அமைத்த டி. எஸ். மெக்நட், அமைப்பவர் தீர்ப்பவரிடம் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு புத்தகமே எழுதினார். தமிழில் புணர்ச்சி இருப்பதால் நமக்கு அந்த நேர்மை இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

சிக்கல் எங்கே வரும்? முதலில் எழுத்துக்கூட்டல். கோயில், கோவில் இரண்டும் சரி. பவளம், பவழம் இரண்டும் உண்டு. கருப்பு, கறுப்பு சண்டை முடிந்தபாடில்லை. உளுந்து, உழுந்து, மங்கலம், மங்களம் எல்லாம் இதே கதை. இந்தச் சொற்களில் குறுக்குக் கட்டம் சரியாக அந்த எழுத்தின் மேல் விழுந்தால், விடை தெரிந்தும் பேனாவால் எழுதக் கூடாது. அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, குறுக்கே போகும் சொல் தீர்ப்புச் சொல்லட்டும்.

இரண்டாவது, ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்கள். '_லை' என்று ஈரெழுத்து இருந்தால் மலை, மாலை, கலை, காலை, சாலை, வலை, விலை, வேலை என்று வரிசை நீளும். 'கழுத்தில் விழ, பொழுது சாயும் (2)' என்ற குறிப்புக்கு மாலை என்று உறுதியாகச் சொல்லலாம், இரு பொருளும் பொருந்துகின்றன. ஒரு பொருள் மட்டும் பொருந்தி மற்றது ஒட்டாமல் நின்றால் அந்த விடையை எழுதாதீர்கள். அவசரத்தில் நிரப்பிய இரண்டெழுத்துதான் பிறகு முழு மூலையையும் பூட்டிவைக்கும்.

இரண்டு விடைகள் ஒரு கட்டத்தில் மோதினால் எதை அழிப்பது? குறிப்பின் இரு பாகமும் புரிந்து எழுதியதைக் காப்பாற்றுங்கள், பொதுஅறிவிலிருந்து 'இதுவாகத்தான் இருக்கும்' என்று எழுதியதை அழியுங்கள். இரண்டுமே புரிந்து எழுதியவை என்றால் திசையையும் கட்ட எண்ணிக்கையையும் திரும்ப எண்ணுங்கள். சந்தி ஒற்று ஒன்று விட்டுப்போயிருக்கலாம், குறிப்பாகத் தொகைச் சொற்களில். திண்டுக்கல்லில் க் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் ப் இருக்கிறது.

குறிப்பின் இலக்கணமும் விடையின் வாலைக் காட்டும். பன்மை கேட்டால் கடைசி இரண்டு கட்டத்தில் 'கள்' என்று மெல்லியதாக எழுதிவையுங்கள், அதற்கு முந்தையது ங் அல்லது க் ஆக இருக்க நல்ல வாய்ப்பு. பெரியவர்களின் பெயர் என்றால் 'ஆர்' ஈற்றுக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். 'செய்து' போன்ற வினையெச்சம் கேட்டால் து, ந்து, த்து. இப்படிப் பாதி நிரம்பிய வால்களே குறுக்குச் சொற்களை இழுத்து வரும்.

அரைமணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தால் தாளை வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஒரு குறிப்பைத் தவறான பொருளில் ஒருமுறை படித்துவிட்டால், அங்கேயே உட்கார்ந்திருக்கும்வரை மனம் அதே தடத்தில்தான் ஓடும். 'படி' என்றால் மாடிப்படி என்று பிடித்துக்கொண்டவருக்கு வாசிப்பது தோன்றாது, அளக்கும் படியும் தோன்றாது. சாயங்காலம் திரும்ப எடுக்கும்போது தடம் மாறியிருக்கும். வாரக் கடைசிப் புதிருக்கு அந்த அவகாசம் இருப்பதுதான் அதன் சுகம். வீட்டில் இன்னொருவர் கண்ணில் படும்படி மேஜையில் விட்டுவைத்தாலும் நல்லது. சினிமாக் குறிப்பு ஒருவருக்கு, புராணக் குறிப்பு இன்னொருவருக்கு என்று தானாகப் பிரியும்.

அகராதி பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. விடையைத் தேட அல்ல, விடையைச் சோதிக்க. கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அன்றாடச் சொற்களுக்குப் போதும். ஓரெழுத்துச் சொல்லின் பழைய பொருள் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்.

அடுத்த வாரம் விடை வரும்போது சரி, தவறு மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். குறுக்கு எழுத்துகளால் நிரம்பி, ஏன் என்று புரியாமலே எழுதிய விடைகள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றின் குறிப்பைத் திரும்பப் படித்து, பொருள் எங்கே, ஒளிப்பு எங்கே என்று கோடு போட்டுப் பிரியுங்கள். அந்த அமைப்பாளர் எந்தச் சொல்லால் கலைப்பார், எந்தச் சொல்லால் திருப்புவார் என்று இப்படித்தான் பிடிபடும்.

இந்த வாரத்துக்கு ஒன்று, கட்டமோ குறுக்கெழுத்தோ இல்லாமல் தனியாக: 'மரத்தில் ஓட்டை, உள்ளே சிவப்பு முத்துகள் (3)'.